சிறுநீரகம் கெடுமுன் சொல்லும் இரத்தம்

மலேசியாவின் பத்து காஜாவைச் சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்களில் பல செம்பனைக் காடுகளாகிவிட்டன. ஈயலம்பங்கள் குளங்களாகத் தேங்கி நிற்கின்றன. ஆயினும் அந்த ஈரமண்ணில் நின்று வேலை செய்கிறவர்களைப் பிடிக்கும் ஜுரங்கள் மட்டும் இவ்விடத்தை விட்டுப் போகவில்லை. எலியின் சிறுநீரால் பரவும் கிருமி, காலிலுள்ள சிறு கீறல் வழியாகத் தேகத்தில் புகுந்து, காமாலையோடு சிறுநீரகத்தையும் கெடுக்கிறது; எலிக்காய்ச்சல் என்னும் அந்த நோயை 1886ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய வைத்தியர் அடால்ஃப் வைல் விவரித்தார். மலேசிய அரசாங்கம் 2010 டிசம்பரில் அதைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய்களில் சேர்த்தது.

எலிக்காய்ச்சல் ஒரு வாசல்தான். ஆறாத கால்புண், நீர்த்தாரைக் கிருமி, நிமோனியா என்று எந்த வழியாக வந்தாலும், கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட சரீரத்தின் சக்தி சிறுநீரகம் முதலிய தன் உறுப்புகளையே தாக்கத் தொடங்கும் அந்த நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். 2017ஆம் ஆண்டில் உலகில் 4 கோடியே 89 லட்சம் பேர் அதற்கு ஆளாகி, அவர்களில் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. இனிப்புநீர் உள்ளவர்களை அது எளிதில் பற்றும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகக் கண்டது என்பதை நினைத்தால், இது நம் வீட்டு விஷயம் என்பது விளங்கும்.

சிறுநீரகத்தின் நிலையை அறிய வைத்தியர்கள் நெடுங்காலமாக நம்பிவருவது கிரியேட்டினின் என்னும் தசைக்கழிவின் அளவையே. செப்சிஸில் அது காலந்தாழ்த்தி வரும் சாட்சி. வடிகட்டும் சக்தியில் ஏறக்குறையப் பாதி போன பிறகே அது தெளிவாக உயரும்; உயர்வதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ பிடிக்கும்; அதற்கு மேலும், நோயுற்ற தசை அதைக் குறைவாகவே உண்டாக்குவதாலும், இரத்த அழுத்தத்தைக் காக்க நரம்பில் ஏற்றும் திரவம் இரத்தத்தை நீர்க்கச் செய்வதாலும், உள்ளே அழிவு நடந்துகொண்டிருக்கும்போதே பரிசோதனைத் தாளில் உள்ள எண் சாந்தமாக இருந்துவிடக்கூடும்.

இக்குறையைத் தீர்க்க முன்வந்தவற்றுள் முக்கியமானது என்கால் என்ற புரதம். 2005இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பிரசாத் தேவராஜனும் அவர் சகாக்களும், இருதய அறுவைச் சிகிச்சை பெற்ற 71 குழந்தைகளை ஆராய்ந்து, சிறுநீரகம் பழுதாகும் குழந்தைகளிடம் அது இரண்டு மணி நேரத்திலேயே உயர்வதையும், கிரியேட்டினின் உயர ஒன்று முதல் மூன்று நாள் ஆவதையும் காட்டினார்கள். ஆனால் அக்குழந்தைகளுக்குச் சிறுநீரகம் அடிபட்ட நேரம் வைத்தியருக்குத் தெரியும். மூன்று நாள் ஜுரத்தோடு வீட்டில் கிடந்துவிட்டு வருகிற தொழிலாளிக்கு அது யாருக்கும் தெரியாது. அன்றியும், கிருமியோடு போரிடும் வெள்ளணுக்களும் அதே புரதத்தைச் சுரப்பதால், சிறுநீரகம் நன்றாயிருக்கும்போதே செப்சிஸ் நோயாளியின் இரத்தத்தில் அது மிகுந்திருக்கும். குவாந்தானில் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் அஸ்ரினா முகமட் ராலிப் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, செப்சிஸ் உள்ளவர்களுக்கு உயர்ந்த எல்லையளவு வேண்டும் என்று கண்டது. நம் நாட்டு நோயாளிகளிடமே கண்ட இந்த உண்மை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பிறநாட்டில் வகுத்த எண்ணை அப்படியே இங்கே பிரயோகித்தால் வைத்தியர் வழி தவறுவார்.

ஆகவே நம் நோயாளிகளுக்கேற்ற எல்லையளவோடு என்கால் பரிசோதனை வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவோடு அது நின்றுவிடக்கூடாது. நோயாளி அங்கே போய்ச் சேருவதற்குள் சிறுநீரகம் பெரும்பாலும் அடிபட்டிருக்கும். கெட்ட சிறுநீரகத்தை உடனே மீட்கும் மருந்து இன்றுவரை இல்லை. முன்கூட்டி அறிவதன் பிரயோஜனமெல்லாம், சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்துகளை விலக்குவதிலும், திரவத்தை நிதானித்து ஏற்றுவதிலும், பெரிய ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றி அனுப்புவதிலும்தான் இருக்கிறது. இவை யாவும் தீர்மானிக்கப்படுவது, நோயாளி முதலில் வந்திறங்கும் பத்து காஜா போன்ற ஊர்களின் அவசரப் பிரிவில். சுகாதார அமைச்சு அங்கேதான் இதைச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

அதுவரை செலவில்லாத ஓர் அளவை கையில் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஆறு மணி நேரமாக, மணிக்கு 30 மில்லிலிட்டருக்கும் குறைவாகச் சிறுநீர் போனால் அதுவே சர்வதேச வைத்திய விதிப்படி சிறுநீரகக் கேட்டின் அடையாளம். வாசகர்களே, இனிப்புநீர் உள்ளவருக்கு ஜுரம் கண்டு சிறுநீர் குறைந்தால், முழங்கால் வலிக்கு வாங்கிவைத்த, சிறுநீரகத்துக்கு ஆகாத மாத்திரையைக் கொடுத்துக் காலையை எதிர்பார்த்திராதீர்கள். அன்றிரவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, எந்த நீரில் இறங்கினார், என்ன மருந்து உண்டார், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்ற மூன்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.