பொதுக்கூடம் யார்க்குப் பொது?



மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி என்னும் சிற்றூரை நீங்கள் அறிவீர்கள். அவ்வூரை ஒட்டிக் கிடக்கும் கருங்கற் குன்றுக்குச் சமணர்மலை என்று பெயர். அடிவாரத்தில் ஆலமரமும், தாமரைக் குளமும், அய்யனார் கோயிலும் இருக்கின்றன. மலையின் ஒருபுறத்தில் செட்டிப்புடவு, மற்றொருபுறத்தில் பேச்சிப்பள்ளம். அங்கே பாறையின் முகத்தில் அருகத் திருவுருவங்களைச் செதுக்கி, அவற்றின் கீழே செய்வித்தவர் பெயரை வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துகள் அவை.

அவ்வெழுத்துகள் கூறுவது என்ன? குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்னும் பள்ளியைச் சேர்ந்த துறவியர் இங்கே இருந்தனர் என்பது. குணசேனதேவர் என்னும் ஆசான், அவர்தம் மாணாக்கர், அம் மாணாக்கரின் மாணாக்கர் என்று கல்வி வழிவழியாய் வந்தது என்பது. அச்சணந்தி அடிகளின் தாய் குணமதியார் ஒரு திருமேனி செய்வித்தார் என்பது. இத் துறவியரின் நெறி வடக்கிலிருந்து வந்தது. அவர்தம் மறைநூல் பாகதத்தில் இருந்தது. பெயர்களும் வடபுலத்துப் பெயர்களே. ஆயினும் இம் மண்ணின் பாறையில் எழுத உளி எடுத்தபோது அவர்கள் தமிழில் எழுதினர்! தாம் வாழ்ந்த ஊரார்க்கு விளங்க வேண்டும் என்னும் எளிய நாணயம் அவர்களுக்கு இருந்தது. அத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல்லைத்தான் இன்றும் நம் பிள்ளைகள் கல்வி கற்கும் இடத்திற்கு வழங்குகிறோம்.

அம் மலையிலிருந்து மேற்கே தேனிச் சாலையில் சில கல் தொலைவு செல்லுங்கள். பல்கலைநகர் வரும். 1966-ஆம் ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978-இல் காமராசர் பெயரைத் தாங்கிய பெரும் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. அதன் முதல் துணைவேந்தர் யார்? பன்மொழி அறிந்த தமிழறிஞர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். அது தாங்கி நிற்கும் பெயர் யாருடையது? பள்ளிப்படிப்பை இடையிலேயே விட்டு, தமிழால் மக்களோடு பேசி, ஒன்பது ஆண்டுகள் இந்நாட்டை ஆண்டவருடையது. தமிழறிஞர் ஊன்றிய விதை; தமிழால் ஆண்டவரின் பெயர். அங்கே விளைந்த அறிவியல் எம்மொழியில் பேசுகிறது? ஆங்கிலத்தில்!

நாம் அறிவியலைப் பழிக்க வரவில்லை. அப் பல்கலைக்கழகத்தில் நடந்தவற்றுள் பெருமைப்படத் தக்கவை பல. ஒவ்வொரு துறையும் தனக்கெனச் சுவர் எழுப்பிக்கொண்டு கிடந்த நிலையை மாற்றி, உயிரியல் சார்ந்த துறைகளை ஒரு புலமாகக் கூட்டினர். உயிர்த்தொழில்நுட்பத்திற்குத் தனிப்புலம் கண்டனர். துறைகள் பலவும் சேர்ந்து பயன்கொள்ளும் அறிவியற் கருவியியல் நடுவம் அமைந்தது. இவ்வேற்பாட்டின் பொருளை எளிதில் உணரலாம். மின்னணு நுண்ணோக்கி போன்ற ஒரு கருவியின் விலை கோடிக்கணக்கில் போகும். வேதியியலார்க்கு ஒன்று, இயற்பியலார்க்கு ஒன்று, உயிரியலார்க்கு ஒன்று என்று வாங்க எந்த அரசாலும் இயலாது. ஒன்று வாங்கி, ஓரிடத்தில் வைத்து, அதை இயக்கத் தேர்ந்த ஒருவரை அமர்த்தி, முறைவைத்துப் பலரும் பயன்கொள்வதே அறிவுடைமை. நம் ஊர்க் கண்மாய் நீரை மடை திறந்து முறைவைத்துப் பாய்ச்சும் ஒழுங்குதான் இது. இதை நாம் உளமார வரவேற்கிறோம்.

ஆனால் கண்மாய் பொது என்றால் அதன் நீர் கடைமடை வரை போக வேண்டாவா? பொது என்னும் சொல்லுக்கு இரண்டு கட்டளைகள் உண்டு. அது நம் கைக்கு எட்ட வேண்டும். நம் கருத்துக்கும் எட்ட வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் அது பொதுக்கூடம் ஆகாது. பூட்டிய கூடமே ஆகும்.

கருத்துக்கு எட்டாமையை முதலில் பார்ப்போம். யாம் நேரில் கண்ட ஒன்றைக் கூறுகிறோம். இடத்தின் பெயர் இங்கே வேண்டா. வேதியியல் முதுகலை படித்த இளைஞர் ஒருவர், உழவர் வீட்டுப் பிள்ளை, தம் கிணற்று நீரை ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டு பொதுக்கருவிக்கூடம் ஒன்றுக்குச் சென்றார். உடன் யாமும் சென்றோம். விண்ணப்பத்தாள் ஆங்கிலம். கட்டண அட்டவணை ஆங்கிலம். சுவரில் தொங்கிய எச்சரிக்கைப் பலகையும் ஆங்கிலம். கருவியை இயக்கியவர் தமிழர். காத்திருந்தோர் அனைவரும் தமிழர். நண்பகலில் அவர்கள் பேசிச் சிரித்ததும் தமிழில்! சில நாள் கழித்து முடிவு வந்தது, அதுவும் ஆங்கிலம். வீட்டுத் திண்ணையில் இருந்த தந்தையார் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதெல்லாம் இருக்கட்டுமப்பா, இந்தத் தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா?" முதுகலை படித்த மகன் விழித்தார். அளவுகள் அவருக்குத் தெரியும். அவற்றை ஈன்ற தந்தைக்குச் சொல்லச் சொல் தெரியவில்லை. பதினேழு ஆண்டுப் படிப்பும், கோடி விலைக் கருவியும், ஒரு கேள்விக்கு முன்னே ஊமையாய் நின்றன. இவ்வூமைமை அந்த இளைஞரின் குற்றமா? அவர்க்கு அறிவைக் கொடுத்து நாவை அறுத்துவிட்ட கல்விமுறையின் குற்றம் அன்றோ!

ஊரார்க்கு விளங்காதது கிடக்கட்டும். அறிஞர்க்கேனும் ஒருவர் சொல்வது ஒருவர்க்கு விளங்குகிறதா? பலதுறைக் கூட்டாய்வு என்பதன் உயிர்நாடியே ஒரு துறையார் பேச்சு மற்றத் துறையார்க்கு விளங்குவதில் இருக்கிறது. 'கல்ச்சர்' என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்லியலார் வாயில் அது ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வியலைக் குறிக்கும். நுண்ணுயிரியலார் வாயில் கண்ணாடித் தட்டில் வளரும் நுண்ணுயிர்க் கூட்டத்தைக் குறிக்கும். தமிழில் முன்னது பண்பாடு, பின்னது வளர்ப்பு. குழப்பத்திற்கு இடமே இல்லை. 'செல்' என்னும் சொல்லும் அப்படியே. உயிரியலார்க்கு அது உயிரணு, மின்னியலார்க்கு மின்கலம், சிறையதிகாரிக்குச் சிற்றறை! மரபணு என்று சொன்ன அளவில் மரபைச் சுமக்கும் நுண்பொருள் என்று நம் பாட்டிக்கும் ஓரளவு பொருள் விளங்கும். நிறமாலை என்றால் நிறங்கள் மாலைபோல் தொடுத்து நிற்கும் காட்சி கண்முன் வரும். துறைச்சுவரை இடிக்கத் தமிழைப்போல் கூரிய கடப்பாரை வேறு எங்கே இருக்கிறது? அதை மூலையில் போட்டுவிட்டு அயன்மொழி ஊசியால் சுவரைக் குத்திக்கொண்டிருக்கிறோம்.

இனி, கைக்கு எட்டாமை. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழப் பன்னிரண்டு கி.மீ. தொலைவில் கீழடி. 2015-இல் நடுவணரசுத் தொல்லியல் துறை அகழத் தொடங்கிய இடம். நான்காம் கட்டமாக 2018 முதல் தமிழ்நாட்டு அரசின் துறை அகழ்ந்தது. வைகைக் கரையில் கழகக்கால நகர வாழ்வு ஒன்று மண்ணுக்குள் உறங்கியதை உலகம் கண்டது. அதன் அகவையைக் கணித்தது எப்படி? கரிமம் 14 என்னும் கதிரியக்கக் கரிமம் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எரிந்த மரத்துண்டில் எஞ்சிய அளவை எண்ணினால் அம் மரம் எப்போது மடிந்தது என்று கூறலாம். முடுக்குப் பொறி கொண்டு அவ்வணுக்களையே எண்ணும் புதுமுறைக்குக் கடுகளவு கரியே போதும்.

கீழடியின் ஆறு கரித்துண்டுகள் இம்முறையில் ஆய்வு செய்யப்பட்டன. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒன்று கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்னும் செய்தி 2019-இல் வெளிவந்தது. நெஞ்சம் நிமிர்ந்தோம். ஆனால் அக் கரித்துண்டுகளை எங்கே எண்ணினர்? அமெரிக்க நாட்டு மயாமி நகரில், பீட்டா அனலிட்டிக்கு என்னும் நிறுவனத்தில்! எலும்புத் துண்டுகள் எங்கே போயின? புனேயின் தக்காணக் கல்லூரிக்கு. 2025 சனவரியில் இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை வெளிவந்தது. சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்கிறது என்று அது கூறியது. அதற்குரிய அளவைகள் எடுக்கப்பட்ட இடங்கள் மயாமி, இலக்னோ, அகமதாபாத்து. 1876-இல் யாகோர் என்னும் செருமானியர் ஆதிச்சநல்லூர்த் தாழிகளைக் கிளறி, கண்டவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அன்று நம் முன்னோரின் கலங்கள் கப்பலேறின. இன்று அவர்தம் அடுப்புக்கரி வானூர்தி ஏறுகிறது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் நம் பாட்டன் அகவையை நம் வீட்டில் கணிக்க நமக்குக் கருவி இல்லை!

பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பயன்கொள்ள நல்கைக்குழு அமைத்த முடுக்கி நடுவம் தில்லியில் இருக்கிறது; கரிமக் கணிப்புக் கருவியும் அங்கே உண்டு. வானியற் பொதுநடுவம் புனேயில். அணுவாற்றல் துறையோடு கூட்டாக அமைத்த ஆய்வு நடுவத்தின் தலைமையிடம் இந்தூரில். நமக்குக் கல்பாக்கத்தில் ஒரு கிளை கிடைத்தது. வரி எல்லா நாட்டாரிடமும் வாங்கப்படுகிறது. பெருங்கருவி வடக்கே நடப்படுகிறது. இதற்குப் பெயர் பொது!

'நம் அகவையை நாமே கணித்தால் உலகம் நம்பாதே' என்பார் சிலர். அயலார் ஆய்வும் இருக்கட்டும். ஒன்றுக்கு இரண்டாய்ச் சான்று இருப்பது நன்றே. மூன்று இடங்களில் அளந்த பொருளை நான்காவதாக மதுரையிலும் அளந்தால் என்ன குடி முழுகிப் போகும்? நம்மிடம் ஆற்றல் இல்லை என்று சொல்லவும் இயலாது. கீழடியின் இடுகாடாகிய கொந்தகையில் கிடைத்த எலும்புகளில் தொல்மரபணுவைத் தேடும் பணி, பல்கலைநகரின் உயிரியலார் கையில்தானே இருக்கிறது? அவர்கள் அனுப்பிய மண்டையோட்டு முப்பரிமாணப் படங்களைக் கொண்டு இலிவர்ப்பூல் நகரத்துப் பல்கலைக்கழகத்தார் இரண்டு ஆடவரின் முகங்களை மீட்டு வரைந்தனர். அம் முகங்களை 2025-இல் உலகமே கண்டது. மண்ணறிந்த தொல்லியலாரும் மரபணு அறிந்த உயிரியலாரும் கைகோத்தால் என்ன விளையும் என்பதற்கு இதுவே சான்று. கோத்த கைகளில் கருவியைக் கொடுப்பதுதான் குறை.

'தமிழில் சொல் இல்லையே' என்பது அடுத்த பல்லவி. 1913-இல் பாலத்தீனத்துக் கைபா நகரில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றை அமைக்க முனைந்தோரும் இதையே கூறினர். எபிரேயத்தில் அறிவியற் சொல் இல்லை, செருமனில் கற்பிப்போம் என்றனர். ஆசிரியரும் மாணவரும் கொதித்தெழுந்தனர். 1924-இல் அங்கே பாடம் தொடங்கியபோது எபிரேயமே பயிற்றுமொழி. அக் கல்லூரியின் பேராசிரியர்கள் 2004-இலும் 2011-இலும் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்றனர். பேச்சுவழக்கு அற்றுப்போய் மீண்டும் எழுந்த மொழிக்கு இயன்றது, என்றும் பேச்சு அறாத மொழிக்கு இயலாதா? நம் இனத்திலேயே சான்று வேண்டுமா? 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். உடற்கூற்றியலையும் மருத்துவத்தையும் தமிழ் நூல்களாக்கினார். அயலவர் ஒருவர்க்கு இருந்த துணிவு, தமிழ்த்தாய் வயிற்றில் பிறந்த பேராசிரியர்க்கு இல்லையா?

பன்னாட்டு இதழ்களில் ஆங்கிலத்தில் எழுதட்டும், தடுப்பார் இல்லை. ஊர்க்கிணற்றில் இறைத்த நீரை அயலூரார்க்கு அனுப்பும்போது ஊரார்க்கும் ஒரு குடம் ஊற்றுங்கள் என்றே கேட்கிறோம். ஊற்றினால் என்ன ஆகும் என்பதையும் கீழடியே காட்டியது. 2019-இல் அவ்வறிக்கை தமிழிலும் வந்தது. உடனே குழிகளின் ஓரம் மக்கள் வெள்ளம்! உழவரும், கொத்தனாரும், கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும் கரிமக் கணிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றனர். 2023-இல் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. தமிழன் அறிவியலை வெறுக்கிறான் என்றவன் எவன்? அவனிடம் அவன் மொழியில் அறிவியலைச் சொல்லிப் பாருங்கள்!

இதில் பல்கலைக்கழகங்களின் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. ஊதியமும் ஓய்வூதியமும் உரிய நாளில் கிடைக்கவில்லை என்று காமராசர் பெயரிலான அப் பல்கலைக்கழகத்துப் பணியாளரும் ஓய்வுபெற்றோரும் அண்மை ஆண்டுகளில் போராடியதை நாடறியும். அன்று சுற்றுவட்டாரச் சிற்றூர்கள் ஏன் பொங்கி எழவில்லை? அங்கே நடப்பது இன்னதென்று அவர்களிடம் யாரும் தமிழில் கூறவில்லை. தமக்கு விளங்காத கூடத்தைக் காக்க மக்கள் ஏன் வருவர்?

ஆகவே நாம் வேண்டுவன இவை:

ஒன்று, அரசுப் பணத்தில் இயங்கும் ஒவ்வொரு பொதுக்கருவிக்கூடத்திலும் விண்ணப்பம், இயக்கக் கையேடு, முடிவுத்தாள் ஆகிய மூன்றும் தமிழிலும் இருத்தல் வேண்டும்.

இரண்டு, அறிவியல் ஆய்வேடு ஒவ்வொன்றோடும் தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாக இணைக்கப்படல் வேண்டும். தமிழிலேயே எழுத முன்வருவார்க்கு முழுவுரிமையும் சமமதிப்பும் தரல் வேண்டும்.

மூன்று, கூட்டாய்வு நடுவம் ஒவ்வொன்றிலும் தமிழறிஞர் ஒருவர் உறுப்பினராய் அமர்ந்து, புதிய கருத்து பிறக்கும்போதே அதற்குரிய சொல்லையும் படைத்தல் வேண்டும்.

நான்கு, தமிழ்நாட்டு அரசும் பல்கலைக்கழகங்களும் கூடி மதுரையில் காலக்கணிப்பு நடுவம் ஒன்றை நிறுவி, சிறுகல்லூரி ஆசிரியர்க்கும் அதன் கதவைத் திறத்தல் வேண்டும்.

படித்துவிட்டு மடித்து வைப்பதற்காக இதை எழுதவில்லை. உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்க்கும் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவினர்க்கும் இந் நான்கையும் எழுதி அனுப்புங்கள். ஆய்வு செய்யும் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் ஆய்வு இன்னதென்று ஒரே பக்கம் தமிழில் எழுதி, முதலில் உங்கள் தந்தைக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்க்கு விளங்கும்வரை திருத்துங்கள்.

சமணர்மலைப் பாறையில் உளி பிடித்தவர்க்குத் தமிழ் தாய்மொழி அன்று என்றே வைத்துக்கொண்டாலும், ஊர்மொழியில் எழுதும் உள்ளம் அவர்க்கு இருந்தது. அதனால் ஆயிரம் ஆண்டு கழித்தும் அவர் பெயரை நாம் படிக்கிறோம். பல்கலைநகரில் இன்று எழுதப்படுவதை நாளை கீழக்குயில்குடிப் பிள்ளை படிக்க வேண்டாவா?

பூட்டைத் திறப்போம்! அறிவைத் தமிழாக்குவோம்!