மண்ணை விற்குமுன்...



சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தபோது, முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்தார். கையில் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த ஓர் ஒப்பந்தம். "ஹஜ்ரத், அத்தா விட்டுச்சென்ற ஒரு ஏக்கர் செம்மண் மேட்டில் கிராவல் எடுக்கக் கேட்கிறார்கள். பத்தடி தோண்டுவார்களாம். அக்காமார் இருவரும் ஒப்பமிட வேண்டுமாம். நீங்கள் சொன்னால் போடுவார்கள்" என்றார்.

அவருடைய அத்தாவின் மருத்துவத்திற்கு வாங்கிய கடன் இன்னும் அடைபடவில்லை என்பதை நான் அறிவேன். ஆகவே, 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட மனம் வரவில்லை. நான் வரலாறு படித்தவன். கணக்கில் வல்லவன் அல்லன். ஆயினும் இருவரும் தாளும் பென்சிலுமாக அமர்ந்தோம். பங்கு பிரிக்கப்படாத புன்செய் நிலம் உங்களில் பலருக்கும் இருக்கும் என்பதால் அந்தக் கணக்கை உங்கள் முன்னும் வைக்கிறேன்.

தரகரின் கணக்கு இது: ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. பத்தடி ஆழத்திற்கு 4,35,600 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட். ஆக 4,356 யூனிட். கேட்க இனிமையான எண்தான்! ஆனால் நாற்புறமும் பிறருடைய பட்டா நிலம். அண்டை நிலத்தின் எல்லையிலிருந்து ஏழரை மீட்டர், அதாவது ஏறக்குறைய 25 அடி, தோண்டாமல் விடவேண்டும் என்பது அனுமதியில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. சதுரமான ஓர் ஏக்கரின் பக்கம் 209 அடி. இருபுறமும் கழித்தால் 159 அடியே மிஞ்சும். கரையைச் செங்குத்தாக வெட்டினால் ஒரு மழைக்கே சரியும். ஆடும் விழும், பிள்ளையும் விழும். ஓரடி இறங்க இரண்டடி சாய்வு விட்டுப் பார்த்தோம். மேலிருக்கும் ஓரடி மண்ணையும் விற்காமல் ஒதுக்கினோம். கடைசியில் நின்றது ஏறத்தாழ 1,700 யூனிட். மாணவர் வெகுநேரம் பேசவில்லை.

அந்த மேல்மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். கிராவல் எடுப்போருக்கோ அது இடைஞ்சல். முதல் நாளே பொக்லைனால் வாரிக் கிராவலோடு கலந்துவிடுவர், அல்லது வேறெங்கோ கொட்டிவிடுவர். பிறகு அந்நிலத்தில் கடலை முளைக்காது. சீமைக்கருவேல் மட்டுமே முளைக்கும். மேல்மண்ணைத் தனியே எடுத்து ஓரத்தில் குவிக்க வேண்டும். குவியல் ஆளுயரத்தைத் தாண்டலாகாது; தாண்டினால் அடியிலுள்ள மண் காற்றின்றி உயிரிழந்துவிடும். மழை கரைக்காதபடி அதன்மேல் கொழுஞ்சியோ சணப்பையோ தூவிவிடுவது நன்று. தோண்டி முடித்தபின், லாரிச் சக்கரங்களால் இறுகிய அடித்தரையை உளிக்கலப்பையால் ஆழ உழுது, அதன்மீது இம்மண்ணைப் பரப்பி, முதலிரண்டு பருவம் பசுந்தாள் உரப் பயிர் விதைத்து மடக்கி உழுதால் நிலம் மெல்லத் திரும்பும். இவையனைத்திற்கும் ஆகும் செலவு யாருடையது என்பதைப் பற்றி அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது கிணறு. தரகர் சித்திரையில் வந்து, தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது பார் என்று காட்டிச் சென்றாராம். சித்திரையில் எந்தக் கிணறுதான் மேலே இருக்கும்? மார்கழியில், அடைமழை ஓய்ந்தபின், அண்டை வீட்டாரின் கிணற்றில் நீர்மட்டம் நிற்கும் உயரத்தைத்தான் அளக்க வேண்டும். குழியின் அடி அதற்கு மேலேயே நின்றாக வேண்டும். இல்லையேல் அவர் கிணற்று நீர் நம் குழியில் கசிந்து தேங்கி வெயிலில் வற்றும். அது அவருடைய உரிமை.

குழியை நகராட்சிக் குப்பையால் நிரப்பித் தருவதாகவும் சிலர் ஆசை காட்டுவதுண்டு. அதற்கு மட்டும் இணங்கிவிடாதீர்கள். கிராவல் நிலம் சல்லடை போன்றது; குப்பையின் கசிவு விரைவில் ஊர்க் கிணறுகளைச் சென்றடையும்.

சொந்தப் பட்டா நிலம்தானே என்று எண்ணுவோர்க்கு ஒரு வார்த்தை. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி அதற்கும் அனுமதி வேண்டும். அரசுக்குக் கட்டணமும் உண்டு. 5 ஹெக்டேருக்குக் குறைந்த சுரங்கமானாலும் சுற்றுச்சூழல் அனுமதியின்றி நடத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 27 அன்று கூறியது. அனுமதியின்றி அள்ளினால் பட்டாதாரரும் வழக்கில் சிக்குவார். லாரிக்காரர் போய்விடுவார், பட்டாவில் பெயர் இருப்பவர் எங்கே போவார்?

இனி அந்தக் கையெழுத்து. பாகம் பிரியாத நிலத்தில் தம்பிக்கு இரண்டு பங்கு, அக்காமார்க்கு ஆளுக்கொரு பங்கு. ஆகவே ஒவ்வொரு பிடி மண்ணிலும் அப்பெண்களின் உரிமை இருக்கிறது. 'ஹஜ்ரத் சொன்னார்' என்பதற்காக அவர்கள் ஒப்பமிடுவதை நான் விரும்பவில்லை. மறுநாள் அவர்கள் வீட்டிற்குச் சென்று, திரைக்கு இப்பால் அமர்ந்து எல்லா எண்களையும் படித்துக் காட்டினேன். இளையவர் கடன் அடைந்தால் போதும் என்றார். மூத்தவர் மட்டும், "நிலத்தை நான்கு துண்டாக்கி, முதல் துண்டில் மண் பரப்பி விதைத்த பிறகே மூன்றாம் துண்டைத் திறக்கலாம் என்று எழுதித் தருவார்களா? அதற்கு ஜாமீன் தொகையை முன்கூட்டியே நம்மிடம் வைப்பார்களா?" என்று கேட்டார். எனக்குத் தோன்றாத யோசனை அது.

அவ்விரண்டையும் சேர்த்து எழுதித் தரகரிடம் கொடுத்தனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. மார்கழி வரட்டும், கிணற்றை அளந்துவிடுவோம் என்று கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார் அந்த மாணவர்.