புகைக்குண்டு இருக்க புதுப் போன் எதுக்கு?

"அண்ணே, இவன் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலை. நாப்பத்தஞ்சாயிரத்துக்குப் போன் வேணுமாம். நீங்க வந்து ரெண்டு வார்த்தை கண்டிச்சிட்டுப் போங்க."

தாராவியிலிருந்து தங்கச்சி கூப்பிட்டாள். பீஸ் கணக்கில் பை தைக்கிறவள். நாப்பத்தஞ்சாயிரம்னா அவளுக்கு எத்தனை ராத்திரித் தையல்னு எனக்குத் தெரியும். தவணையில் வாங்கலாம்னு பையன் வேற யோசனை சொல்லியிருக்கான்.

ஞாயித்துக்கிழமை செம்பூரிலிருந்து சயான் போய், அங்கிருந்து 90 அடி ரோடு வரை நடந்தேன். கண்டிக்கத்தான் போனேன். ஆனா மேல் அறையில் தகரக் கூரைக்குக் கீழே மருமகனும் அவன் சேக்காளிங்க மூணு பேரும் பிஜிஎம்ஐ ஆடிக்கிட்டிருந்தாங்க. "ஏல, கொஞ்சம் தள்ளு"ன்னு பக்கத்தில் உக்காந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். அதுக்கப்புறம் கண்டிக்கத் தோணலை. எழுதத் தோணிச்சு.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. 2020 செப்டம்பரில் அரசாங்கம் தடை பண்ணின பப்ஜியோட இந்திய அவதாரம்தான் இந்த பிஜிஎம்ஐ. 2021 ஜூலையில் வந்தது, 2022 ஜூலையில் கடையிலிருந்து தூக்கினாங்க, 2023 மே மாசம் திரும்ப வந்தது. நூறு பேர் பாராசூட்டில் குதிச்சு, கிடைச்ச ஆயுதத்தைப் பொறுக்கி, கடைசி வரை உயிரோட இருக்கணும். நாலு பேர் சேர்ந்தா ஒரு ஸ்குவாட்.

நான் பார்த்ததில் எல்லா ஆட்டமும் ஒரே மாதிரிதான் முடிஞ்சது. பையன் எம்416 துப்பாக்கியை எடுத்துக்குவான். பை நிறைய தோட்டா. எதிரியைப் பார்த்ததும் நேருக்கு நேர் நிப்பான். சுடுறதுக்குள்ளே விழுந்துடுவான். உடனே, "பார்த்தீங்களா மாமா, போன்தான். லேக் அடிக்குது!"

அவன் சொல்றது பொய்யில்லை. வினாடிக்கு 60, 90 ப்ரேம் ஓடுற போன் வச்சிருக்கவன் ஒரு பக்கம். 40ஐத் தாண்டாத போன் வச்சிருக்க இவன் இன்னொரு பக்கம். நேருக்கு நேர் சுட்டா காசுள்ள போன்தான் ஜெயிக்கும். சரி, அப்படீன்னா நேருக்கு நேர் ஏன்ல நிக்கே? இதைத்தான் அவன்கிட்டே கேட்டேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டுது. போற வீட்டிலெல்லாம் புகைக்குண்டு கிடக்குது. நாலு பேரும் அதைத் தாண்டித் தாண்டிப் போறானுங்க. எடுத்தாலும் ஒண்ணுதான். கேட்டா, "அது யாரையும் கொல்லாது மாமா."

எனக்கு மாட்டுங்கா ஞாபகம் வந்துடுச்சு. வேலைக்கு வந்த புதுசில், 2003க்கு அப்புறம், அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்டிரைக் 1.6 ஆடியிருக்கேன். வீட்டில் சொல்லிடாதீங்க :-) அதில் ஏகே துப்பாக்கி 2500 டாலர், புகைக்குண்டு வெறும் 300. அந்த 300ஐ யாரும் செலவு பண்ண மாட்டாங்க. பண்ணினவன் இருந்த அணிதான் ஜெயிக்கும். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, புத்தி மட்டும் மாறலை.

என் கட்சி இதுதான்: சாதாரண போன் வச்சிருக்கவனுக்கு பிஜிஎம்ஐயில் ஆகச் சிறந்த ஆயுதம் புகைக்குண்டு. வேகமான விரல், விலையுள்ள திரை, தடையில்லாத நெட்வொர்க், இது எல்லாம் இருக்கவனோட பலத்தை ஒரே வீச்சில் இல்லாமப் பண்ற சாமான் அது. பார்க்க முடியாததை எந்தப் போனாலயும் சுட முடியாது.

எப்படிப் பயன்படுத்தறது? பசங்களுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்றேன்.

1. ஆளுக்கு நாலு. தோட்டாவைக் கொஞ்சம் குறைச்சாவது ஆளுக்கு நாலு புகைக்குண்டு வச்சுக்கணும். ஸ்குவாட்டுக்குப் பதினாறு. மிச்சமிருந்த தோட்டாவோட செத்தவன்தான் அதிகம், புகை மிச்சம் வச்சு ஜெயிச்சவனும் உண்டு.

2. ஆள் விழுந்ததும் ஓடாதே, முதல்ல எறி. விழுந்தவனைத் தூக்கி விட 10 வினாடி ஆகும். வெட்டவெளியில் 10 வினாடிங்கிறது ஒரு யுகம். புகை பரவவும் சில வினாடி பிடிக்கும், அது பரவுற வரைக்கும் மறைவிலேயே இரு. எல்லாரும் விழுந்தவன் தலை மேலேயே ஒண்ணைப் போடுறாங்க. அது போதாது. எதிரி இருக்க திசையில், அவனுக்கும் நம்ம ஆளுக்கும் நடுவில் சுவர் மாதிரி ரெண்டு மூணு போடணும். ஒரே ஒரு புகை உருண்டைன்னா, ஆள் அதுக்குள்ளேதான்னு தெரிஞ்சு அவன் வெடிகுண்டை உள்ளே போட்டுடுவான்.

3. எழுந்தவனை உடனே வெளியே விடாதே. தூக்கி விடும்போது உயிர் கொஞ்சமே இருக்கும். புகைக்குள்ளேயே படுத்து, பர்ஸ்ட் எய்ட் போட்டு, அப்புறம் கிளம்பு.

4. பொய்ப் புகை. இடது பக்கம் போகணுமா? வலது பக்கம் ரெண்டு போடு. எதிரி அதையே பார்த்துக்கிட்டிருப்பான். இது ஒண்ணு பழகினாலே பாதி ஆட்டம் கையில்.

5. வண்டி நின்னு போனாலும், சோன் நெருக்கி வயல்வெளியைத் தாண்ட வேண்டி வந்தாலும், ஒண்ணு எறிஞ்சு, அது அடங்குறதுக்குள்ளே அடுத்ததை முன்னாடி எறிஞ்சு, படி ஏறுற மாதிரி போகணும். காலடியிலேயே விழணும்னா தாழ எறியற பட்டனை மாத்திக்கோ. எறியும்போது குண்டு போற பாதைக் கோடு திரையிலேயே தெரியும். பயிற்சி மைதானத்தில் பத்து நிமிஷம் எறிஞ்சு பழகினா போதும்.

6. புகைக்குள்ளிருந்து சுடாதே. உனக்கும் ஒண்ணும் தெரியாது, நீ இருக்க இடம் மட்டும் அவனுக்குத் தெரிஞ்சிடும்.

குறையும் இருக்கு, மறைக்கலை. பழைய போனில் பெரிய புகை வந்தா போனே திணறும். கிராபிக்ஸை ஸ்மூத்தில் வச்சுக்கணும். தப்பான இடத்தில் எறிஞ்சா நம்ம ஆளோட கண்ணையே கட்டிடும். அதனால எறியறதுக்கு முன்னாடி வாய் விட்டுச் சொல்லணும்.

"இது பயந்தாங்கொள்ளி ஆட்டம்"னு ஒருத்தன் சிரிச்சான். கேட்டேன்: ஊர்ல சடுகுடு ஆடுவோமே, எதிரணியில் ஒருத்தனை அவுட்டாக்கினா வெளியே உக்காந்திருக்க நம்ம ஆள் ஒருத்தன் உள்ளே வருவான். ஆளை உள்ளே கொண்டு வந்தவனை ஊர்ல யாராவது பயந்தாங்கொள்ளின்னு சொல்லியிருக்காங்களா? பெரிய போட்டிகளோட கணக்கைப் பாருங்க. ஒரு கில்லுக்கு 1 புள்ளி, கடைசி வரை நின்ன அணிக்கு 10. நாலு பேரும் நிக்கறதுக்குத்தான் அங்கே மதிப்பு.

ஒரு மாசம் கழிச்சு போனேன். பையன் சாம்பியன் ஆகிடலை. சினிமா இல்லையே. ஆனா கடைசிப் பத்து அணிக்குள்ளே அடிக்கடி வர்றாங்களாம். மாடியிலிருந்து வர்ற சத்தமும் மாறியிருந்தது. முன்னே "பாய், மார் மார்!" இப்போ "ஸ்மோக் மார், மே ஆத்தா ஹூம்!" புகை போடு, நான் வர்றேன். போன் பேச்சு நின்னுடுச்சான்னு கேட்டா, இல்லை. ஆனா "பன்னெண்டாவது ரிசல்ட் வரட்டும் மாமா"ன்னு அவனே தள்ளிப் போட்டிருக்கான். தங்கச்சிக்கு இப்போதைக்கு ஒரு கடன் மிச்சம்.

இதை எழுதறதே நம்ம குடும்பங்களுக்காகத்தான். ஊரை விட்டு வந்து ரெண்டு பேரும் வேலைக்கு ஓடுறோம். பிள்ளை என்ன ஆடுறான்னு பார்க்க நேரமில்லை. கேட்டதை வாங்கிக் கொடுத்துடறோம், இல்லைன்னா போனைப் பிடுங்கி பரண் மேலே போடுறோம். ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கு: பக்கத்தில் உக்காந்து ஒரு ஆட்டம் முழுக்கப் பாருங்க. எங்கே தோக்கறான்னு கேளுங்க. போனால தோக்கறானா, ஆட்டத்தால தோக்கறானான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். இருக்கறதை வச்சு ஜெயிக்கறது எப்படீன்னு நம்மளை விட நல்லா யார் சொல்லிக் கொடுக்க முடியும்? பத்துக்குப் பத்து ரூம்ல ஆறு பேர் வாழ்ந்து காட்டினவங்கதானே நாம.

டிஸ்கி: விடிய விடிய ஆடச் சொல்லலை. 2021ல் வந்தப்பவே 18 வயசுக்குக் கீழே ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான்னு கம்பெனியே வரம்பு வச்சது. பசங்க வயசை மாத்திப் போட்டு அதைத் தாண்டிடுவாங்க, கவனம். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேத்தின சட்டம் காசு கட்டி ஆடுற ஆட்டங்களைத் தடுக்குது, இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்குது. காசு கட்டுற ஆட்டம் பக்கம் பிள்ளை போனா மட்டும் கண்டிப்பா கண்டிங்க. அதுக்கு நானும் வர்றேன்!