தொழிலை மறந்த திருவிழா வேண்டாம்

மலாக்காவின் உஜோங் பாசிரில் போர்த்துகீசியக் குடியிருப்பு உள்ளது. அங்கு ஆண்டுதோறும் ஜூன் மாத இறுதியில் சான் பெட்ரோ திருவிழா நடைபெறுகிறது. இயேசுவின் சீடரான புனித பேதுரு ஒரு மீனவர். ஆகவே, மீனவர்கள் அவரைத் தங்கள் காவலராகக் கருதுகின்றனர். ஜூன் 29 அவருக்குரிய நாள். அந்நாளையொட்டி மீனவர்கள் தங்கள் படகுகளை அலங்கரிக்கின்றனர். பாதிரியார் அவற்றுக்கு ஆசி வழங்குகிறார். வலை நிறைய வேண்டும், கடலுக்குச் சென்றவர் நலமாகத் திரும்ப வேண்டும் என்பதே அம்மக்களின் வேண்டுதல்.

1511-ஆம் ஆண்டு மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரின் வழிவந்தவர்கள் இவர்கள். இவர்களுள் பலர் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழ்ந்தனர். ஆழமற்ற நீரில் நடந்தவாறே வலையைத் தள்ளி, 'கெராகாவ்' எனும் மிகச் சிறிய இறாலைப் பிடித்தனர். பெலாச்சான் செய்ய உதவுவது அதுதான். பின்னர், கரையோரக் கடலில் மண் கொட்டி நிலமாக்கினர். மீனவர்களின் பிழைப்பு சுருங்கியது. மீனவர்களே குறைந்துவரும்போது மீனவர் திருவிழா எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும்.

இக்கேள்வி நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கும் பொருந்தும். இங்கும் பல இடங்களில் ரப்பர் மரங்கள் அழிந்து செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களில் வாழ்ந்தோர் சிரம்பான் போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். ஆயினும், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் குடும்பத்தோடு திரும்பி வருவோர் இன்றும் உள்ளனர். தொழில் மாறினாலும் உறவு அறுந்துவிடாமல் காப்பது திருவிழாதான். எனவே, அது தேவையற்றது என்பதை ஏற்க இயலாது.

அதே வேளையில், திருவிழா வெறும் காட்சியாகச் சுருங்குவதையும் ஏற்க இயலாது. ஆஸ்திரேலியாவின் பிரிமேண்டல் நகரைப் பாருங்கள். இத்தாலியிலிருந்து அங்குக் குடியேறிய மீனவர்கள் 1948-இல் படகுகளுக்கு ஆசி வழங்கும் விழாவைத் தொடங்கினர். மாதாவின் திருவுருவம் தேவாலயத்திலிருந்து துறைமுகத்திற்கு ஊர்வலமாகக் கொண்டு செல்லப்படுகிறது. அங்கு மீன்பிடித் துறைமுகம் இன்றும் இயங்குகிறது. ஆசி பெறப் படகும் இருக்கிறது. படகு செல்லக் கடலும் இருக்கிறது. கடலைத் தூர்த்துவிட்டுப் படகை மட்டும் அலங்கரித்தால், அந்த வேண்டுதலுக்கு என்ன பொருள்? கரையோர மேம்பாட்டைத் திட்டமிடுவோர் முதலில் மீனவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. பொழுது விடியுமுன் ஏன் பால் வெட்டச் சென்றார்கள்? மரம் காயப்படாமல் பட்டையை எப்படிச் சீவினார்கள்? மழை பெய்த நாளில் கூலி என்னவாயிற்று? இவற்றுக்கு விடை சொல்லக்கூடிய தாத்தா பாட்டிமார் திருவிழாவுக்கு வருகிறார்கள். அடுத்த திருவிழாவில் தேரைப் படம் பிடிப்பதோடு நின்றுவிடாமல், அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள்; கேட்டதை எழுதி வையுங்கள். முன்னோரின் உழைப்பை அறிந்து கொண்டாடும் திருவிழாவே நிலைத்து வாழும்.