மாரிக்கு முன் வெட்ட வேண்டிய குழி



2030ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தைச் சூரியன், காற்று, நீர் போன்றவற்றிலிருந்து பெறுவதாக அரசு உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. நல்ல இலக்கு. நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளிவிடும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு டன். உலகச் சராசரி நான்கு டன்னுக்கு மேல். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தை நாளைக்கே மூடினாலும் செட்டிபாளையத்தில் அடிக்கும் கச்சான் காற்றின் சூடு தணியப் போவதில்லை. பெரிய நாடுகள் புகையைக் குறைக்கும் வரை இந்தச் சூட்டோடுதான் நாம் வேலை செய்ய வேண்டும்.

மின்துறைச் சீர்திருத்தம் நமக்கு எப்படி வந்தது என்பதும் நினைவிருக்கும். மாதம் 30 அலகுக்குள் எரிக்கும் வீட்டுக்கு ஓர் அலகு 2.50 ரூபாவாக இருந்தது. 2022 ஆகஸ்டில் அது 8 ரூபாவானது, 2023 பெப்ரவரியில் 30 ரூபாவானது. பின்னர் குறைத்தார்கள் என்பது உண்மை. அதற்குள் விளக்கை அணைத்துவிட்டு இருந்த வீடுகள் எத்தனை!

எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல் நிலம். 1978 நவம்பர் சூறாவளியில் மட்டக்களப்புத் தென்னைகள் பெரும்பாலும் சாய்ந்தன. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் பிடிக்கும். மரம் விழுந்த தோட்டத்தில் பிடுங்கவும் உரிக்கவும் வேலை ஏது? 2025 நவம்பரில் டித்வா புயலில் நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மலையகத்தில் மண்சரிவு லயன்களையும் விழுங்கியது.

புயல் எப்போதாவது வரும். வரட்சி அப்படியல்ல. பாளை விரிந்து காய் முற்ற ஏறத்தாழ ஒரு வருடம் ஆவதால், இந்தக் கோடையில் உதிரும் குரும்பை அடுத்த வருடக் கூலியில்தான் தெரியும். 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தொட்டபோது நமக்கு என்ன கிடைத்தது? காய் குறைந்தது, உரிக்கும் எண்ணிக்கையும் குறைந்தது.

இதற்கு மருந்து தோட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. மரங்களுக்கு இடையில் குழி வெட்டி, பொச்சுமட்டையின் உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் மண் போட்டு மூடினால் மாரி மழையைக் கோடை வரை பிடித்து வைத்திருக்கும். சாம்பல் சத்தும் மண்ணுக்குத் திரும்பும். லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நடப்பதோ வேறு. உரித்த கையோடு மட்டை தும்பு ஆலைக்கு லொறி ஏறிவிடுகிறது. இன்றைய காசு முதலாளிக்கு, நாளைய வரட்சி மரத்துக்கும் நமக்கும்.

எனவே நாம் கேட்பது: உரிக்கும் மட்டையில் ஒரு பங்கு தோட்டத்திலேயே நிற்க வேண்டும். குழி வெட்டுவதை ஓய்வு நேர எடுபிடி வேலையாக்காமல் முழு நாட்கூலி வேலையாகப் பதிய வேண்டும். காவோலையை எரிக்காமல் மரத்தடியில் பரப்பும் வேலையும் அப்படியே.

கச்சான் மாதங்களில் விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் நிறுத்தும் நேர ஒழுங்கு வேண்டும், கூலி குறையாமல். உலகத் தொழிலாளரில் 240 கோடிக்கு மேற்பட்டோர் கடும் வெப்பத்துக்கு ஆளாகிறார்கள் என்று சர்வதேச தொழில் அமைப்பு 2024இல் கணக்கிட்டது. பாதிப்பட்டது வயலிலும் தோட்டத்திலும் நிற்கிற நம்மைப் போன்றவர்களே. சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் தோட்டம் மூடினால் அந்த நாளுக்கும் கூலி வேண்டும். கூலி போகும் என்ற பயத்தில்தான் ஆள் காற்றுக்குள்ளும் மரம் ஏறுகிறான்.

சில முதலாளிமார், “மட்டை விற்ற காசில்தான் உரம் வாங்குகிறோம்” என்கிறார்கள். 2021இல் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதி நின்று, அதே நவம்பரில் தடை தளர்ந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கவலையை நாம் தட்டிக்கழிக்க மாட்டோம். எத்தனை மட்டை, எத்தனை குழி என்று உட்கார்ந்து பேசலாம். மாரி தொடங்க முன் குழி தயாராக வேண்டும். ஆகையால் இந்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு, உங்கள் தோட்டத்திலிருந்து வாரத்துக்கு எத்தனை லொறி மட்டை போகிறது என்ற கணக்கோடு வாருங்கள்.