தங்கம் எரிமலைக் குழம்பில் வந்ததா?

பாறை வெடிப்பில் எரிமலைக் குழம்பு பாய்ந்து உறைந்ததுதான் தங்க ரேகை என்று இன்னமும் எழுதுகிறார்கள். கணக்கு உதைக்குதே சாமி!

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோவைப் பாருங்கள். 1851-ல் தங்க வேட்டை தொடங்கிய ஊர். அங்கே இருப்பதெல்லாம் கடலடியில் படிந்த மணற்பாறையும் களிப்பாறையும்தான். பக்கவாட்டு நெருக்கலில் அவை மடிந்தன. தாள்கட்டை இரு பக்கமும் நெருக்கினால் நடுவே மேடு எழும்பி, தாள்களுக்கு இடையில் சந்து விழுமே, அதேதான். ஆழத்திலிருந்து ஏறிய சுடுநீர் அந்தச் சந்துகளில் குவார்ட்ஸையும் தங்கத்தையும் இறக்கிவிட்டுப் போனது, அதுவும் ஒரே தடவையில் அல்ல. வெடிப்பதும் அடைபடுவதுமாகப் பலமுறை! அதனால்தான் குதிரைச் சேணம் போல வளைந்த ரேகைகள், ஒன்றுக்குக் கீழே இன்னொன்று. சுரங்கக்காரர்கள் மடிப்பின் முதுகைப் பிடித்துக்கொண்டே 1000 மீட்டருக்கும் கீழே போனார்கள். மடிப்பைக் கவனிக்காதவர் முதல் சேணத்தோடு மூட்டை கட்டியிருப்பார், போட்ட முதலும் அம்பேல்.