இடக்கரடக்கலும் இளம்பிள்ளைகளும்

அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வதை இடக்கரடக்கல் என்பர் இலக்கணத்தார். பெரியோர் அவைக்கு அது அழகு. பள்ளிப் பிள்ளையின் வாய்க்கு அதுவே பூட்டாகிவிடின், யாருக்கு ஆக்கம்?

பாலியல் குற்றங்களினின்று குழந்தைகளைக் காக்கும் சட்டம் 2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்தது. 18 அகவை நிரம்பாத ஆண், பெண் இருபாலாரும் அதன் காவலுக்கு உரியர். சீருடை அணியாத காவலர் பிள்ளையின் வீடு தேடிச் சென்று கேட்டல் வேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் நிறுத்தலாகாது. பெற்றோர் முன்னிலையில், பிள்ளை சொன்னது சொன்னவாறே பதியப்படல் வேண்டும் என்கிறது 26-ஆம் பிரிவு.

சொன்னவாறே பதியலாம், சொல்வதற்குச் சொல் வேண்டுமே! தன் உடலுறுப்பின் பெயரைச் சொன்னாலே வாயில் அடிவாங்கும் பிள்ளை, தனக்கு நேர்ந்ததை எந்தச் சொல்லால் சொல்லும்? பிறமொழிச் சொல்லைக் களையும் நம்மவரும் இவ்விடத்தில் தமிழ்ச்சொல்லைக் கூசி ஒதுக்குகின்றனர். அந்தக் கூச்சமே கொடியவனுக்குத் துணை.

காத்திவாக்கத்தில் தந்தை ஆலைக்கும் தாய் மீன் விற்கவும் புறப்பட்டபின், பிள்ளைக்குக் காவல் பள்ளிதான். அப் பெற்றோர் இச் சட்டத்தைப் 'போக்சோ' என்றே கேட்டிருப்பர். ஆங்கில முதலெழுத்துகளின் கூட்டான அவ்வொலி அவர்க்கு என்ன பொருளைத் தரும்? குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்னும் 19-ஆம் பிரிவு அவர்கள் செவிக்கு எட்டியதா? மறைத்தால் ஆறு திங்கள் வரை சிறை. நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி மறைப்போர் இதை உணர்தல் நன்று. 2021 நவம்பரில், கோவை மாணவி ஒருத்தி உயிர்நீத்தபின், தெரிவிக்கத் தவறிய குற்றத்துக்காகப் பள்ளி முதல்வரே தளையிடப்பட்டார்.

கைப்பேசி வழியே வரும் கேட்டிலும் சொல்லே சிக்கலாயிற்று. குழந்தைகளைக் காட்டும் இழிபடங்களைத் தனிமையில் பார்த்தல் குற்றமாகாது என்று அம்பத்தூர் வழக்கொன்றில் 2024 சனவரியில் சென்னை உயர் அறமன்றம் கூறிற்று. அதே ஆண்டு செப்தம்பர் 23-இல் உச்ச அறமன்றம் அத் தீர்ப்பை நீக்கியது. அத்தோடு நில்லாமல், அப்படங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே குற்றத்தின் கொடுமையைக் குறைத்துக் காட்டுகிறது. சுரண்டலும் கொடுமையும் விளங்கும் பெயரால் சுட்டுக என்றது. நம் நாளேடுகளோ இன்னும் 'ஆபாசப் படம்' என்றே எழுதுகின்றன. குழந்தைக் கொடுமைப் பதிவு என்று எழுதக் கை வலிக்குமோ?

காத்திவாக்கத்துப் பள்ளிச் சுவர்தோறும் 19-ஆம் பிரிவு எளிய தமிழில் எழுதப்படல் வேண்டும். அதனருகே 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும். ஆலைகளை நாடி வந்த வடபுலத் தொழிலாளர்தம் பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மொழியிலும் எழுதுக. பிள்ளைக்குப் புரியாத மொழியில் பதிவதாயின் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆண்டுதோறும் முதற் பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியரே அதை உரக்கப் படித்துக் காட்டட்டும்.